மனைநலம்: பரம்பரையும் பழியும்

இம்மாதம் நாம் எழுத எண்ணியிருந்த பொருள் வேறு. குளிர்காலத்தில் குழந்தைகளை வாட்டும் இருமலைப் பற்றிச் சில குறிப்புகளைத் தொகுத்து வைத்திருந்தோம். இதற்கிடையில் நாகபுரியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் நம் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்து முடித்தபோது, இருமல் இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளும், இக்கடிதம் பொறுக்காது என்று தோன்றிற்று.

அச்சகோதரிக்கு இது தலைப்பேறு. ஆறாவது மாதம் நடக்கிறது. வழக்கமான பரிசோதனைக்குச் சென்றவரை ஒரு தம்ளர் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 158 என்று கணக்கு வந்தது. 'கர்ப்பகால நீரிழிவு' என்று சீட்டில் எழுதி, உணவுக் குறிப்பு ஒன்றையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார் டாக்டர். வீட்டிற்கு வந்து சொன்னதும் மாமியார் கேட்ட முதற்கேள்வி, "இனி உனக்கு என்ன சமைக்க வேண்டும்?" என்பதன்று, "உன் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்று நிச்சயதார்த்தத்தின்போதே ஏன் சொல்லவில்லை?" என்பதாம். "எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் இந்த வியாதி கிடையாது" என்று அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. கணவரோ தாயை மறுத்துப் பேசவும் மாட்டாமல், மனைவியைத் தேற்றவும் அறியாமல், எச்சிலைச் சிறு குப்பியில் அடைத்து அனுப்பினால் மரபணுவைப் படித்துச் சொல்வதாக வந்த விளம்பரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.

"இந்நோய் என் பிறந்தகத்து இரத்தத்திலிருந்துதான் வந்ததா? என் குழந்தைக்கும் இது போகுமா? அந்த மரபணுச் சோதனையைச் செய்துகொள்ளலாமா?" என்று மூன்று கேள்விகள் கேட்டு, பெயரை வெளியிட வேண்டா என்று முடித்திருக்கிறார். பெயரை வெளியிடவில்லை, ஊரையும் மாற்றியே எழுதியிருக்கிறோம். மும்பை மாதுங்காவிலிருந்தும், தில்லி கரோல் பாகிலிருந்தும், கொல்கத்தா லேக் மார்க்கெட்டிலிருந்தும் இதே கடிதம் வந்திருக்கக்கூடும். ஆதலின் இதற்கு நாம் எழுதும் விடை எல்லா இல்லங்களுக்கும் உரியதாகுக.

முதலில், கருவுற்ற காலத்தில் உடலுக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

நாம் உண்ணும் சோறும் இட்டலியும் சப்பாத்தியும் குளுகோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் புகுவதற்குக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் துணை செய்கிறது. கரு வளரும் காலத்தில் நஞ்சு தானும் பல சுரப்புநீர்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைத் தணிக்கின்றன. இது குற்றமன்று, இயற்கையின் ஏற்பாடு. தாயின் இரத்தத்தில் சர்க்கரை சற்று நேரம் தங்கினால்தான் குழந்தைக்கு உரிய பங்கு தடையின்றிப் போய்ச் சேரும். ஆனால் இந்தத் தணிவை ஈடுசெய்யத் தாயின் கணையம் முன்னிலும் மிகுதியாக இன்சுலினைச் சுரந்தாக வேண்டும். பெரும்பாலான தாய்மார்களின் கணையம் அவ்வாறே சுரக்கிறது. சிலருடைய கணையத்துக்கு அந்தக் கூடுதல் உழைப்பு இயலுவதில்லை. அப்போது சர்க்கரை அளவு கடந்து தங்கிவிடுகிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு. நஞ்சின் வேலை ஐந்து, ஆறு மாதங்களுக்குப் பின் வலுப்பதால்தான் இந்நோயும் பெரும்பாலும் அப்போது தலைகாட்டுகிறது.

இவ்வாறு மிஞ்சிய சர்க்கரை நஞ்சைக் கடந்து குழந்தையிடம் செல்லும். தாயின் இன்சுலினோ செல்லாது. ஆகவே குழந்தையின் சிறு கணையம் தானே மிகையாக இன்சுலினைச் சுரந்து அச்சர்க்கரையைச் சமாளிக்கிறது. அதன் விளைவாகக் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவம் கடினமாகக்கூடும். பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிட, மிகுந்த இன்சுலின் மட்டும் எஞ்சியிருப்பதால், குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழவும்கூடும். டென்மார்க்கு நாட்டு டாக்டர் பெடர்சன் விளக்கிய இந்த முறையே இன்றளவும் மருத்துவர்கள் கொண்டிருக்கும் அடிப்படை.

இனி, சிலருடைய கணையம் மட்டும் ஏன் ஈடுகொடுக்கவில்லை என்ற கேள்வி எழுகிறது. இங்கேதான் பரம்பரை வருகிறது.

நம் உடலின் அணுக்களில் மரபணுக்கள் அடங்கிய ஓர் ஏடு உண்டு. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட அவ்வேட்டின் ஒரு படியைத் தாயிடமிருந்தும், மற்றொரு படியைத் தந்தையிடமிருந்தும் நாம் பெறுகிறோம். எந்த இரண்டு மனிதரின் ஏடுகளை எடுத்து ஒத்துப்பார்த்தாலும் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்துத்தான் மாறியிருக்கும். அம்மாற்றங்களுள் மிகப் பல யாதொரு விளைவும் இல்லாதவை. சில, தலைமயிரின் சுருளையும் கண்ணின் நிறத்தையும் வகுக்கின்றன. இன்னும் சில, கணையம் எவ்வளவு இன்சுலினைச் சுரக்க வல்லது என்பதைச் சற்றே கூட்டியும் குறைத்தும் வைக்கின்றன.

இவற்றுள் பெயர்பெற்றது டி.சி.எப்.7 எல்.2 என்னும் மரபணு. நீரிழிவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 2006-ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டு வெளியிட்டனர். மாறிய எழுத்தை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குப் பொதுவகை நீரிழிவு வரும் வாய்ப்பு, அதனைப் பெறாதவர்களைவிட 1.45 மடங்கு, இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு 2.41 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டனர். அடுத்த ஆண்டே புனேயிலும் சென்னையிலும் நடந்த ஆராய்ச்சிகள் இந்தியர்களிடத்தும் இத்தொடர்பு உண்டு என்று காட்டின. அதே 2007-இல் சுவீடன் நாட்டில், கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களிடத்தும் இம்மாற்றம் மிகுந்து காணப்படுவதை அறிந்தனர்.

2012-இல் கொரியப் பெண்களின் மரபணு ஏட்டை முழுவதும் துழாவிப் பார்த்தவர்கள் வேறு இரண்டு இடங்களைச் சுட்டினர். அவற்றுள் ஒன்று இன்சுலின் சுரக்கும் திறனோடு தொடர்புடையது. மற்றொன்று விந்தையானது. இருள் சூழ்ந்ததும் நம் மூளையில் மெலடோனின் என்னும் சுரப்புநீர் ஊறி உடலுக்கு இரவை அறிவிக்கிறதல்லவா? அச்செய்தியை ஏற்கும் வாயிலுக்குரிய மரபணுவில் ஏற்படும் மாறுதலே அது. தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் உறவுண்டு என்பதற்கு இது ஓர் அடையாளம். பின்னர் 2024-இல் பின்லாந்தில், இந்நோய் கண்ட 12,000-க்கும் மேற்பட்ட பெண்களின் ஏடுகளை ஆராய்ந்து 13 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் சில பொதுவகை நீரிழிவுக்கும் உரியவை. வேறு சில பெரும்பாலும் கருவுற்ற காலத்தோடு மட்டும் தொடர்புடையவை.

இவ்வளவும் படித்ததும், "பார்த்தீர்களா, இரத்தத்தில்தானே இருக்கிறது! நான் சொன்னது சரிதானே!" என்று அந்த மாமியார் கூறக்கூடும். பொறுமை வேண்டும். மேற்சொன்ன ஐஸ்லாந்துக் கணக்கிலேயே மற்றொரு பகுதி இருக்கிறது. மாறிய எழுத்தை ஒரு படியில் கொண்டவர்கள் அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 38 பேர். இரு படியிலும் கொண்டவர்கள் 7 பேர். அதாவது நூற்றுக்கு 45 பேரிடம் அது இருக்கிறது! ஒரு தெருவில் பாதி வீட்டில் இருக்கும் பொருளை ஒரு வீட்டின் களங்கம் என்று எவ்வாறு சொல்வது? அதுவும் 13 இடங்களில் ஒன்றே. ஒவ்வொன்றும் எடைத்தட்டில் ஒரு சிறு மணியை இடுகிறது, அவ்வளவே. மருமகளின் தட்டில் சில மணிகள் இருந்தால், மகனின் தட்டிலும் மாமியாரின் தட்டிலும் வேறு சில மணிகள் இருக்கும். மணியே இல்லாத வம்சம் உலகில் இல்லை.

"எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் கிடையாது" என்ற சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பார்த்தால்தானே தெரியும்? கருவுற்ற பெண்ணுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து அளக்கும் முறைக்கு முதன்முதலாகத் திட்டமான எல்லைகளை வகுத்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஓ'சல்லிவனும், புள்ளியியல் அறிந்த மாஹன் அம்மையாரும். 752 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 1964-இல் அதனை வெளியிட்டார்கள். நம் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்ய வேண்டும் என்று அரசு ஆணையிட்டது 2007-இல்தான். அதற்கு முன் பிள்ளை பெற்ற பாட்டிமார்களுள் எத்தனை பேருக்கு இது வந்து போயிற்று என்பதை யார் அளந்தார்கள்? "நாலரைக் கிலோவில் தங்கவிக்கிரகம் போலப் பிறந்தான்" என்று பெருமையாகச் சொல்லப்படும் பிள்ளைகளுள் சிலரை ஈன்ற தாயாருக்கு இந்நோய் இருந்திருக்கவும் கூடும். நோய் இல்லாதிருப்பது வேறு. நோயை அளவாதிருப்பது வேறு.

இனி, நம் வாதத்துக்கு ஆணிவேரான ஒரு கணக்கைச் சொல்கிறோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் நீரிழிவுக்கெனத் தனித்துறை கண்டவர் டாக்டர் வி. சேஷய்யா. அவருடைய பிறந்தநாளாகிய மார்ச்சு 10 நம் நாட்டில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது. அவரும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,000 கர்ப்பிணிகளைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறு நகரங்களை ஒட்டிய பகுதிகளில் 13.8 பேருக்கும், கிராமங்களில் 9.9 பேருக்கும் இந்நோய் இருந்தது.

வாசகர்கள் இந்த மூன்று எண்களையும் மறுமுறை பார்க்க வேண்டுகிறோம். கிராமத்துப் பெண்ணும் நகரத்துப் பெண்ணும் ஒரே தமிழ்நாட்டவர். பல குடும்பங்களில் அவர்கள் அக்காள் தங்கையரே. பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்ததும் ஒருவருடைய மரபணு மாறிவிடுமா? மாறாது. மாறியவை நடையும், வேலையும், உணவும், உறக்கமும், கருவுறும் வயதும், உடல் எடையும். மரபணு ஒன்றே முடிவு செய்வதாயின் நகரத்து எண் கிராமத்து எண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆகியிராது. பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு ஊர் வந்த நம்மைப் போன்றவர்களுக்கு இக்கணக்கு மிகவும் பொருந்தும். பரம்பரையை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தோம். வயல் வரப்பின் நடையை அங்கேயே விட்டு வந்தோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது நம்பிக்கை தருவது. நீரிழிவின் வாசலில் நின்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதில் சேர்ந்தவர்களுடைய டி.சி.எப்.7 எல்.2 மரபணுவையும் படித்து 2006-இல் வெளியிட்டனர். வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களுள், மாறிய எழுத்தை இரு படியிலும் உடையவர்களுக்கு, அஃது இல்லாதவர்களைவிட 1.81 மடங்கு நீரிழிவு வந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் நடந்து, உணவைத் திருத்தி, எடையைச் சிறிது குறைத்தவர்களிடத்தோ அதே எழுத்தின் வலிமை 1.15 மடங்காகச் சுருங்கியது. எழுத்து அழியவில்லை, அதன் குரல்தான் அடங்கிற்று. தலையெழுத்து என்று நம் பெரியோர் சொல்வது எதுவாயினும், இந்த எழுத்து அப்படிப்பட்டதன்று.

ஆகவே சகோதரியின் முதற்கேள்விக்கு விடை இது: உங்கள் தந்தையாரிடமிருந்து ஒரு சாய்வு உங்களுக்கு வந்திருக்கலாம். சாய்வு வேறு, வீழ்ச்சி வேறு. சாய்வு உங்கள் குற்றமன்று. உங்கள் தந்தையாரின் குற்றமும் அன்று. அவருக்கு அதைத் தந்தவர்களும் கேட்டு வாங்கியவர்களல்லர்.

இரண்டாவது கேள்வி, குழந்தையைப் பற்றியது. குழந்தையின் ஏட்டில் பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. உங்களிடம் உள்ள ஒவ்வொரு மாறிய எழுத்தும் குழந்தைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். தந்தையின் எழுத்துக்கும் அதே நியதி. ஆதலின் "உன் வீட்டு வியாதி" என்று இனிப் பிறக்கப்போகும் பேரனையோ பேத்தியையோ நோக்கிச் சொல்ல எவராலும் இயலாது. அக்குழந்தையின் வீடு இரண்டும்தான்.

இதனை விளக்க ஓர் அரிய உண்மையைச் சொல்வோம். குளுகோகைனேஸ் என்னும் மரபணு கணையத்தில் சர்க்கரையை அளக்கும் தராசு போன்றது. மிகச் சில குடும்பங்களில் அத்தராசு சற்றே பிசகியிருக்கும். அவர்களுடைய சர்க்கரை பிறந்தது முதல் சிறிது உயர்ந்தே நிற்கும். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்து டாக்டர் ஹாட்டர்ஸ்லியும் அவருடன் உழைத்தவர்களும் அக்குடும்பத்துக் குழந்தைகளின் பிறப்பு எடையைக் கணக்கிட்டு 1998-இல் வெளியிட்டனர். தாய்க்குப் பிசகிய தராசு இருந்து, குழந்தைக்கு அஃது இல்லையெனில், குழந்தை 600 கிராம் அளவுக்குக் கூடுதலாகப் பிறந்தது. குழந்தைக்கு மட்டும் அஃது இருந்தால் 500 கிராம் அளவுக்குக் குறைந்து பிறந்தது. இருவருக்கும் இருந்தாலோ ஒன்றை ஒன்று ஈடுசெய்து எடை இயல்பை ஒட்டி நின்றது! குழந்தையின் எழுத்து தந்தை வழியாக வந்தாலும் விளைவு அதுவே. வயிற்றில் இருப்பது தாயின் நிழலன்று. தனக்கென ஓர் ஏட்டுடன் வந்த தனி உயிர்.

குழந்தைக்குப் போவது எழுத்து மட்டுமன்று என்பதையும் அறிய வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்னும் பழங்குடியினரிடையே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டனர். தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையைவிட, வந்த பின் பிறந்த பிள்ளைக்கே பிற்காலத்தில் நீரிழிவும் உடற்பருமனும் மிகுந்து கண்டன. பெற்றோர் அவர்களே, மாறியது கருவில் வாய்த்த சூழல். ஆதலின், எழுத்தை மாற்ற நம்மால் ஆகாது; கருவறையின் சூழலைத் திருத்த ஆகும். அதற்குத் தாயின் சர்க்கரையை எல்லைக்குள் வைப்பதே வழி. அது வீண் முயற்சியன்று. ஆஸ்திரேலியாவில் 1,000 பெண்களைக் கொண்டு நடந்து 2005-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், முறையான சிகிச்சை பெறாத பிரிவில் குழந்தைகளுக்குக் கடுமையான இடர் நூற்றுக்கு 4 என்ற அளவில் நேர்ந்தது; சிகிச்சை பெற்ற பிரிவில் அது 1 ஆகக் குறைந்தது.

மூன்றாவது கேள்வி, விளம்பரத்தைப் பற்றியது. கணவரின் நல்லெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் அந்தப் பணத்தைச் சேமித்து வைக்கலாம் என்பதே நம் கருத்து. மரபணுச் சோதனை சொல்லக்கூடியது, "சாய்வு சற்று அதிகம்" அல்லது "சற்றுக் குறைவு" என்பதுதான். உங்களுக்கு இன்று சர்க்கரை எவ்வளவு என்பதை அது சொல்லாது. ஒரு தம்ளர் சர்க்கரைக் கரைசலும் ஒரு சொட்டு இரத்தமும் அதைச் சொல்லிவிட்டன. இனி அதே எச்சிலை அனுப்பி அறிய வேண்டியது மிகுதியாக ஒன்றுமில்லை. குளுகோகைனேஸ் பிசகு போன்ற அரிய நிலையை டாக்டரே ஐயுற்றால், அதற்குரிய சோதனையை அவரே எழுதித் தருவார். அஃது எச்சிற்குப்பி விளம்பரத்தினின்றும் வேறானது.

இனி, வெளியூர்வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நமக்குள்ள இடர் மரபணுவில் இருப்பதைவிட நம் பயணத்தில் அதிகமாக இருக்கிறது.

நடுவண் அரசின் வழிகாட்டுதல்படி, கர்ப்பிணி முதன்முறை மருத்துவரிடம் செல்லும்போதே ஒரு சோதனை செய்ய வேண்டும். அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை செய்ய வேண்டும். 75 கிராம் குளுகோஸை 300 மில்லி நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது முறை. வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். 24 முதல் 28 வாரம் என்பது நம் கணக்கில் ஆறாம், ஏழாம் மாதம். அந்த மாதங்களில் நம் வீடுகளில் நடப்பது என்ன? வளைகாப்புக்கு நாள் குறிப்பது. ரெயிலுக்கு டிக்கெட் எடுப்பது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்புவது. இங்குள்ள டாக்டர், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்" என்று விடுகிறார். அங்குள்ள டாக்டர், "வடக்கே பெரிய ஊரில் பார்த்திருப்பார்கள்" என்று எண்ணுகிறார். இரண்டு ஊருக்கும் நடுவில், ஓடும் ரெயிலில் அந்தச் சோதனை தொலைந்துபோகிறது.

ஆகவே மகளையோ மருமகளையோ ஊருக்கு அனுப்பும் பெரியோர்கள் பட்டுப்புடவையையும் வளையல்களையும் எடுத்து வைக்கும் பெட்டியில், சோதனைச் சீட்டுகளையும் முதலில் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த சோதனை எந்த வாரத்தில் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். அது பயணத்துக்கு முன் வருவதாயின் முடித்துவிட்டே புறப்படுதல் நலம்.

வளைகாப்பில் ஐந்து வகை, ஏழு வகைச் சித்திரான்னங்களைச் செய்வது நம் மரபு. அதை நிறுத்துக என்று நாம் சொல்லவில்லை. எல்லா வகையிலும் ஒவ்வொரு கரண்டி சுவைத்தால் சடங்குக்குக் குறைவில்லை. ஆனால் "இரண்டு உயிருக்காகச் சாப்பிடு" என்று நாள்தோறும் சோற்றை இரட்டிப்பது தவறு. இரண்டாவது உயிர் மிகச் சிறியது. மூன்று பெரிய வேளையாக உண்பதைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, சோற்றின் பங்கைக் குறைத்துப் பருப்பு, பயறு, கீரை, காய், மோர், முட்டை முதலியவற்றின் பங்கைக் கூட்டுதல் வேண்டும். பழரசத்தை விட்டுப் பழத்தை உண்ணலாம். டாக்டர் தடை சொல்லாதவரை உண்ட பின் சிறிது நேரம் நடத்தல் மிக நன்று. இவ்வாறு இரண்டு வாரம் இருந்து, உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 120-க்குள் வந்தால் பலருக்கு அதுவே போதும். வராவிட்டால் டாக்டர் மாத்திரையோ இன்சுலினோ தருவார். இன்சுலின் என்றதும் அஞ்ச வேண்டா. தாயின் இன்சுலின் குழந்தையிடம் செல்லாது என்று முன்னரே சொன்னோம். பட்டினி கிடப்பதும், பிறர் சொன்ன கஷாயத்தை நம்பி மருந்தை நிறுத்துவதும்தான் அஞ்சத் தக்கவை.

பிள்ளை பிறந்து நஞ்சு வெளிவந்ததும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். "போயிற்று" என்று எல்லாரும் மகிழ்வார்கள். வெல்லமும் நெய்யும் சேர்ந்த பிரசவ லேகியம் தடையின்றி வரும். இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் பொதுவகை நீரிழிவு வரும் வாய்ப்பு, அது வராத பெண்ணைவிட ஏழு மடங்கேனும் அதிகம் என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2009-இல் கணக்கிட்டனர். பிரசவமாகி ஆறு வாரத்தில் மீண்டும் ஒரு சோதனை அவசியம். ஆறாம் வாரத்தில் நம் பெண்கள் எங்கே இருக்கிறார்கள்? தாய்வீட்டில். கைக்குழந்தையோடு ஊர் திரும்பும்போது மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆகிவிடுகிறது. மறுபடியும் அதே ரெயிலில் இரண்டாவது சோதனையும் தொலைந்துபோகிறது! தொட்டிலிடும் நாளை நினைவில் வைப்பதுபோல ஆறாம் வாரத்தையும் தாய்வீட்டார் நினைவில் வைக்க வேண்டும். அதன் பின்னும் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நல்லது.

இதில் மனம் தளர வேண்டியதில்லை. முன்பு கர்ப்பகால நீரிழிவு கண்டு, பின் மேற்சொன்ன அமெரிக்க ஆராய்ச்சியில் சேர்ந்த பெண்களுள், நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வருவது பாதிக்குப் பாதி குறைந்தது. ஆறாம் மாதத்தில் வந்த அந்த 158 என்னும் எண்ணை ஒரு சாபமாகக் கொள்ளாமல், இருபது ஆண்டுகளுக்கு முன்னதாகவே கிடைத்த எச்சரிக்கையாகக் கொண்டால் அது பெரும் பேறு. உங்கள் தந்தையாருக்கு அத்தகைய எச்சரிக்கை கிடைக்கவில்லை.

கணவருக்கு ஒரு சொல். தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் மௌனமாக இருப்பது நடுநிலைமையன்று. இவ்விதழைத் தாயாருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். மாலையில் மனைவியோடு நீங்களும் நடந்து வாருங்கள். உங்கள் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ஏட்டில் பாதி உங்களுடையதல்லவா?

அந்தப் பெரிய அம்மையாருக்கும் பணிவோடு ஒரு சொல். பழிசொன்ன நாவு தங்களுடையதாயினும் அதற்குள் இருந்தது அச்சம் என்பதை நாம் அறிவோம். உற்றார் உறவினர் நூறு காதத்துக்கு அப்பால் இருக்க, அந்நிய ஊரில் பேரப்பிள்ளையை நலமாகக் கையில் ஏந்த வேண்டுமே என்ற கவலைதான் அவ்வாறு பேசவைத்தது. அக்கவலையை அடுப்பங்கரையில் காட்டினால் அது மருந்தாகும். கூடத்தில் காட்டினால் நோயாகும். "உன் வீட்டிலிருந்து என்ன கொண்டு வந்தாய்?" என்று கேட்பதை விட்டு, "இன்று உனக்கு என்ன செய்து தரட்டும்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரப்போகும் குழந்தை இரு வீட்டுப் பரம்பரையையும் சுமந்துகொண்டு வருகிறது. அதனை இரு வீட்டாரும் சேர்ந்து வரவேற்பதே முறை.

பிள்ளை பிறந்ததும் சகோதரி நமக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஆறாம் வாரச் சோதனையின் முடிவையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த இதழில், பொறுத்துக்கொண்ட இருமலைப் பார்ப்போம்.